பிண்டி நிழல்

தச்சநல்லூரினின்று வடக்கே மதுரை நோக்கிச் செல்லும் பெருவழி கோவில்பட்டியை அடைகிறது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் கழுகுமலை. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில் சிறந்து விளங்கிய இச்சமணத் தலத்தில், பாறை முகப்பெங்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக அமர்ந்துள்ளன. முக்குடைக்கு மேலே இலையும் கொடியும் படர்ந்திருப்பதைக் காண்போர் பலர் வெறும் அலங்காரமென்று கடந்துவிடுகின்றனர். அருகப்பெருமானுக்குரிய எண்பெருஞ்சிறப்புகளுள் முதலாவதாகச் சொல்லப்படும் அசோக மரத்தை நினைவூட்டுவது அது.

அம்மரத்தின் தமிழ்ப் பெயர் பிண்டி. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இப்பெயர் உண்டு. சிலப்பதிகாரமோ அருகனைப் பிண்டி நிழலோடு சேர்த்தே போற்றுகிறது. பத்தொன்பதாம் தீர்த்தங்கரராகிய மல்லிநாதர் கேவலஞானம் எய்தியதும் இம்மரத்தடியிலேதான் என்பது ஆகம மரபு.

இத்துணைச் சிறப்புடைய மரத்தை இன்று தாமிரபரணிச் சமவெளியில் தேடினால், கிடைப்பது பெரும்பாலும் எவரோ நட்டு வளர்த்ததே. தானே முளைத்து வளரும் பிண்டிக்கு உரிய இடம் மேற்குமலைக் காடுகளின் ஈரமான ஓடைக்கரை. காடழிந்ததும், மருந்துக்காகப் பட்டை உரிக்கப்பட்டதும் அங்கும் அதனை அருகச் செய்துவிட்டன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு ஆட்படக்கூடிய இனங்களுள் சேர்த்துள்ளது.

காட்டை இழந்த மரம் மனிதர் கையால் மட்டும் பிழைத்ததற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. ஜார்ஜியாவின் அல்டமாகா ஆற்றங்கரையில் 1765இல் பார்ட்ரம் என்னும் தந்தையும் மகனும் கண்ட வெண்மலர் மரத்தை, 1803க்குப் பின் காட்டில் எவரும் கண்டிலர். மகன் வில்லியம் கொண்டுவந்த விதைவழி வந்தவையே இன்று தோட்டங்களில் உள்ள பிராங்க்ளினியா மரங்கள்.

பிண்டிக்கு நேர்ந்துள்ள இடையூறு இதனினும் விந்தையானது. அதன் பெயரையே வேறொரு மரம் எடுத்துக்கொண்டது. கோயில் வாயில்களிலும் பள்ளி வளாகங்களிலும் அசோகமென்று நடப்படுவது கம்பம்போல் நெடிதுயரும் நெட்டிலிங்கம். அதன் இலை தனியிலை. விளிம்பு அலைபோல் நெளிந்திருக்கும். பூ வெளிறிய பசுமை. பிண்டியோ குடைபோல் கவிந்து நிழல் தருவது. கூட்டிலை, தளிர் துவண்டு செம்பு நிறத்தில் தொங்கும். வேனில் தொடக்கத்தில் முதிர்ந்த கிளைகளிலேயே பூங்கொத்துகள் வெடித்து, பொன்னிறத்தினின்று செந்நிறமாக மாறும்.

அடுத்த முறை ஜினாலயத்தில் கன்று நடுவோர் இலையைப் பார்த்து வாங்குக. முதிர்ந்த நெற்று கிடைப்பின், விதையை உலரவிடாது அன்றே ஊன்றுதல் நலம்.