பின்னணி எண்டால் சும்மா இல்லை

1988 ஏப்ரல் 16. ஜிப்லி ஸ்டூடியோவின் இரண்டு அனிமே படங்கள் ஒரே நாளில் ஜப்பானில் வெளிவந்தன. 'மை நெய்பர் டொடோரோ'வுக்குக் கசுவோ ஓகாவின் குழு போஸ்டர் கலரில் வயலும் காடும் தீட்டியது. 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' 1945இல் குண்டுவீச்சில் எரிந்த கோபே நகரைக் காட்டியது.

டொடோரோவின் காட்டுக்கு ஒரு முன்மாதிரி சயாமா குன்றுகள். அங்க காடு அழிய அழிய, 1990இல் டொடோரோ பெயரிலேயே நிதி தொடங்கி, துண்டு துண்டாக் காணி வாங்கிக் காத்தார்கள். ஒரு காட்டைக் காப்பாத்த ஒரு படத்தின்ர பின்னணியும் உதவிச்சுது.

எங்களிட்ட ரெண்டு காட்சியும் இருக்கு: இரணைமடுக் குளக்கட்டும், போரில சரிஞ்சு வருசக்கணக்காக் கிடந்த கிளிநொச்சித் தண்ணித்தாங்கியும். பிறகு ஏன் நாங்கள் செய்யிற இண்டி கேமில டோக்கியோத் தெரு? விளையாடுறவனுக்குக் கதை மறந்தாலும் இடம் நினைவில நிக்கும். எங்கட இடத்தை நாங்கள் வரையாட்டி, வேற ஆர் வரையிறது?