அரசாங்கமே ஹெராயின் கொடுத்த கதை

சுவிட்சர்லாந்து என்றால் நமக்கு வங்கி, கைக்கடிகாரம், சினிமாப் பாட்டில் வரும் பனிமலை. அந்த நாட்டின் பெரிய நகரமான சூரிக்கில், ரயில் நிலையத்தை ஒட்டி, தேசிய அருங்காட்சியகத்தின் பின்பக்கம் பிளாட்ஸ்பிட்ஸ் என்றொரு பூங்கா இருக்கிறது. சீல், லிம்மாத் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம். 1980களின் இறுதியில் உலகப் பத்திரிகைகள் அதற்கு ஊசிப் பூங்கா என்று பெயர் வைத்தன. மருத்துவரே சீட்டெழுதி ஹெராயின் கொடுக்கும் ஏற்பாடு அந்தப் பூங்காவின் அலங்கோலத்திலிருந்து பிறந்தது.

ஹெராயின் பழக்கம் உள்ளவர்களைப் போலீஸ் ஒரு தெருவிலிருந்து விரட்டினால் அடுத்த தெருவில் கூடினார்கள். விரட்டி அலுத்துப்போய், 1987 வாக்கில், பூங்காவுக்குள் என்னவோ செய்துகொள்ளட்டும் என்று கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். செய்தி பரவியது. வெளியூர், வெளிநாடு என்று நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். பாதையோரம் சிலர் பலகை போட்டுக் கடை விரித்திருப்பார்கள். அதில் கரண்டி, தூளைக் கரைக்கக் கொஞ்சம் அமிலம், வடிகட்டப் பஞ்சு. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்ளலாம். காசு வேண்டாம், வடிகட்டிய பஞ்சை மட்டும் விட்டுவிட்டுப் போகவேண்டும். பஞ்சு சேர்ந்ததும் அதில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கரைத்துக் கடைக்காரர் தனக்கு ஏற்றிக்கொள்வார். அடுத்தவர் ரத்தம் கலந்த பஞ்சாக இருந்தாலும் அதே கதிதான்.

எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலம் அது. 1985இல் சூரிக் மாநிலத் தலைமை மருத்துவ அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? போதைக்கு அடிமையானவர்களுக்குப் புது ஊசி கொடுக்கக்கூடாது, கொடுத்தால் மருத்துவர் உரிமம் பறிபோகும் என்றார். சுமார் 300 மருத்துவர்கள், ‘கொடுத்துக்கொண்டுதான் இருப்போம்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். மறு ஆண்டு தடை விலகியது. முழுக் கதையிலும் துணிச்சலான காரியம் இதுதான் என்பேன். பின்னால் அமைச்சர்கள் செய்ததெல்லாம் இந்தக் கையெழுத்துகள் போட்ட வழியில் நடந்ததுதான். 1988 முதல் பேட்டர் குரோப் என்ற மருத்துவரின் குழு பூங்காவிலேயே இருந்து ஊசி கொடுத்தது, மூச்சு நின்றவர்களை மீட்டது, மஞ்சள்காமாலைக்குத் தடுப்பூசி போட்டது.

இதற்கிடையே தலைநகர் பெர்னில், 1986இலேயே, சத்தமில்லாமல் ஒரு வேலை நடந்திருந்தது. போதைக்காரர்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்க என்று ஓர் அறை திறந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே ஊசியும் போட்டுக்கொண்டார்கள். ஊழியர்கள் துரத்தவில்லை. உலகில் அனுமதியோடு நடந்த முதல் ஊசி அறை என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

1992 பிப்ரவரியில் சூரிக் பூங்காவை இழுத்துப் பூட்டியது. பூட்டினார்களே தவிர, உள்ளே இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு விடை வைத்திருக்கவில்லை. கூட்டம் குடியிருப்புத் தெருக்களுக்குள் புகுந்தது. மாடிப்படியில் ஊசி, பள்ளிக்கூட வாசலில் வியாபாரம். கடைசியில் லிம்மாத் கரையோரம் கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்தில் எல்லோரும் மறுபடி கூடினார்கள். பூங்காவைவிட அங்கே அடிதடி அதிகம்.

லெட்டனை 1995 பிப்ரவரியில் மூடியபோது நகரம் பாடம் படித்திருந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, உள்துறை அமைச்சர் ரூத் டிரைஃபுஸ் காலத்தில், ஹெராயின் சிகிச்சைச் சோதனை தொடங்கியிருந்தது. ஆய்வை நடத்தியவர் அம்புரோஸ் உக்டன்ஹாகன். ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் தாராளமாகக் கிடைத்தது, ஊசி அறைகள் தயாராக இருந்தன. வெளியூர்க்காரர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி, அந்தந்த ஊரே பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார்கள். விற்பவனுக்குச் சிறை. தடுப்பு, சிகிச்சை, பாதிப்புக் குறைப்பு, போலீஸ் என்று இதை நான்கு தூண்கள் என்பார்கள். போலீசும் அதில் ஒரு தூண் என்பதை இரக்கவாதிகள் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சோதனையில் ஹெராயின் யாருக்கும் பொட்டலமாகக் கிடைக்கவில்லை. நீண்ட நாள் அடிமையாக இருந்து, வேறு சிகிச்சைகளில் தோற்றவர்களுக்குத்தான். நோயாளி ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மையத்துக்கு வரவேண்டியிருந்தது. குடித்திருந்தால் மருந்து கிடைக்காது. ஜன்னலில் அளந்து நிரப்பிய ஊசியை வாங்கி, நர்ஸ் கண் முன்னால் தானே போட்டுக்கொண்டு, காலி ஊசியைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. மருந்துக்காகத் திருடப்போக வேண்டிய அவசியம் அதோடு போயிற்று. 1990களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 400 பேர் போதைப்பொருளால் செத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது.

போர்ச்சுகல் 2001இல் செய்ததுபோல, சொந்தப் பயன்பாட்டுக்குப் போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்ததால் வந்த பலனோ என்று தோன்றலாம். இல்லை. மருத்துவர் சீட்டில்லாமல் ஹெராயின் உட்கொள்வது சுவிஸ் சட்டப்படி இன்றும் குற்றம்தான். 1998இல் போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கலாமா என்று நாடு தழுவிய வாக்கெடுப்பில் கேட்டபோது நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, தடையை இறுக்கி இந்தச் சிகிச்சையை ஒழிக்கலாமா என்று கேட்டபோதும் 70 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2008இல் 68 சதவீத ஆதரவோடு ஹெராயின் சிகிச்சை நிரந்தரச் சட்டமானது. சட்டத்தை இளக்குவதா இறுக்குவதா என்பதைவிட, ஒரு கதவை மூடும் முன் இன்னொரு கதவைத் திறந்தார்களா என்பதே சூரிக்கில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது.

இது அண்மையிலும் தெரிந்தது. 2022இன் இறுதியில் நகரம் மையப்பகுதியில் இருந்த ஓர் ஊசி அறையை மூடியது. அடுத்த கோடையில் பக்கத்துப் பூங்கா ஒன்றில் கிராக் என்ற கோக்கைன் வகையைப் புகைப்பவர்கள் கூடிவிட்டார்கள். 2023 முடிவதற்குள் அதே வட்டாரத்தில் தற்காலிகமாக ஓர் அறையைத் திறக்கவேண்டி வந்தது.