அபினி வகைப் போதைப் பழக்கம்: சென்னை

ஹெராயின், மார்ஃபின், புப்ரினார்ஃபின், டேபென்டடால் போன்றவற்றை விட முடியாமல் தொடர்வது அபினி வகைப் போதைநோய். இதன் பாரம் வீட்டார் மீதும், மூச்சடங்கும் வேளையில் ஓடிவரும் ஆம்புலன்ஸ் பணியாளர் மீதும் விழுகிறது.

சென்னையில் 1980களில் பிரவுன் சுகர் எனும் கலப்பட ஹெராயின் பரவியது. முதலில் அதைப் புகையாக இழுத்தவர்களில் பலர் 1990களில் புப்ரினார்ஃபின் ஊசிக்கு மாறினர். ஊசியைப் பகிர்ந்ததால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் பரவின. போதையைத் தொட்டறியாத மனைவியரையும் எச்.ஐ.வி. பற்றியது.

குடிநோய்க்குக் கணவர் டி.டி. ரங்கநாதனைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் அவர் பெயரில் அறக்கட்டளை நிறுவினார். அடையாறு இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. மருத்துவமனை அதனுடையது. குடிநோயாளிகளுக்காக எழுந்த அந்நிலையம் பிற போதைநோயாளிகளையும் ஏற்றது. நோயாளியோடு மனைவியோ தாயோ வந்து தனி ஆலோசனை பெறுவது அங்கே சிகிச்சையின் பகுதி. வீட்டாரும் நோயுற்றவரே என்ற இப்பார்வைதான் சரியானது. 1992இல் சாந்திக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

போதைநோயாளியின் வீட்டில் முதலில் சில்லறை காணாமல் போகும். பிறகு நகை அடகுக் கடைக்குப் போகும். தங்கையின் கல்யாணம் தட்டிப்போகும் என்றஞ்சி, 'அவனுக்கு உடம்பு சரியில்லை' என்று தாய் உறவினரிடம் சமாளிப்பார். கடனையும் அவரே அடைப்பார்.

இந்த மறைப்பு 108 ஆம்புலன்ஸ் ஊழியரின் வேலையைக் கடினமாக்குகிறது. தமிழகத்தில் 2008இல் தொடங்கிய இச்சேவையின் வண்டியில் மருத்துவ உதவியாளர் ஒருவரும் 'பைலட்' எனப்படும் ஓட்டுநரும் வருவர். 'மயங்கி விழுந்துட்டான்' என்று மட்டும் வீட்டார் சொன்னால், மீதியை உடலைப் பார்த்தே அறிய வேண்டும்: கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கும், உதடு நீலம் பாரித்திருக்கும், மூச்சு வெகுவாகக் குறைந்திருக்கும். உடனே ஆம்பு பையால் மூச்சு கொடுக்க வேண்டும். நோயாளியின் சட்டைப் பையில் கிடக்கும் ஊசி ஊழியரின் கையில் குத்தினால் தொற்று அபாயம் வேறு. முறிமருந்தான நலாக்சோன் ஊசி சில நிமிடங்களில் எழுப்பிவிடும். ஆனால் 30 முதல் 90 நிமிடங்களில் அதன் வீரியம் தணியும், போதைமருந்தோ அதற்குப் பிறகும் உடலில் நிற்கக்கூடும். 'எழுந்துட்டான், ஆஸ்பத்திரி வேணாம்' என்று தடுத்தால் மூச்சு மறுபடி அடங்கலாம்.

போலீஸ் பயமே மறைப்புக்கு முதற்காரணம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதை நுகர்வு அல்லது சிறு அளவு தொடர்பான குற்றச்சாட்டில், தானே முன்வந்து சிகிச்சை பெறும் நோயாளிக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருவதைப் பல வீடுகள் அறிவதில்லை.

அண்மைக் காலத்தில் டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் வழக்கம் இளைஞரிடையே காணப்படுகிறது. உதவிக்கான தேசிய இலவச எண் 14446.