பாட்டன் உண்ட சோறும் பேலியோ உணவும்



சென்ற மாதம் ஆயர் ஈத்தாமில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றின் முடிவில் வழக்கம்போல் நாசி லெமாக் பொட்டலங்கள் வழங்கப்பட்டன. பெற்றோர் சிலர் முட்டையையும் நெத்திலியையும் மட்டும் உண்டுவிட்டுச் சோற்றை அப்படியே மடித்து வைத்துவிட்டனர். "பேலியோ, ஐயா!" என்று ஒருவர் சிரித்தார். அருகிலிருந்த அம்மையார் ஒருவர் சிரிக்கவில்லை. "எங்கள் தாத்தா தோட்டத்தில் மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டார், ஐயா. அவருக்கு வராத இனிப்புநீர் எனக்கு மட்டும் ஏன் வந்தது?" என்று கேட்டார்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் பின்னர் தேடிப் படித்தவற்றை இங்குப் பதிவு செய்கிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாத்தாவுக்கு அந்நோய் வரவே இல்லை என்று எப்படி அறிவோம்? தோட்டத்து லயங்களில் அன்று எவரும் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கவில்லை. முதுமை காணாமலே இறந்தவர்களும் பலர். நோயோ மிகப் பழையது. புதுத்தானியம், வெல்லம், தயிர், சொகுசான இருக்கை, மிகுதியான உறக்கம் ஆகியவற்றைச் சரக சம்ஹிதை இந்நோய்க்குக் காரணங்களாகக் கூறுகிறது. நோயாளிக்கு ஏற்ற தானியம் வாற்கோதுமை என்கிறது. சுசுருத சம்ஹிதையோ, வறியவரான நோயாளி செருப்பும் குடையுமின்றி நூறு யோசனை தூரம் நடக்கட்டும், கிணறு தோண்டட்டும் என்கிறது! ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து, நாளொன்றுக்கு நானூறு ஐந்நூறு பால்மரங்களைச் சீவி, வாளிகளைச் சுமந்து நடந்த நம் பாட்டனுக்கு அந்த மருந்தைத் தனியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் உண்ட சோற்றைப் பற்றியும் இந்நாட்டு வரலாற்றில் வியப்பான பக்கம் ஒன்று உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். தமிழ்த் தொழிலாளர்களிடையே அந்நோய் மிக அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லியோனர்டு பிராடன் இவ்வேறுபாட்டைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1907இல் ஒரு நூலாகவே எழுதினார். சீனர்கள் உண்டது ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. ஊர்ப்புற மலாய்க்காரர்கள் உண்டது வீட்டில் குத்திய அரிசி. வேறுபாடு அரிசியில்தான் என்றார் அவர்.

இதனைச் சோதித்துப் பார்த்தவர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் 1905 டிசம்பரில் நோயாளிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கூடத்தில். அவர்களுக்குச் சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர் மற்றொரு கூடத்தில். அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. கட்டடத்தில்தான் குற்றமோ என்ற ஐயம் எழாதிருக்க, ஆண்டின் நடுவே இரு குழுவினரையும் கூடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. ஓராண்டு முடிந்தபோது பச்சரிசி உண்டவர்களுள் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசிக் குழுவில் அந்நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. தம் நிலையை அறியாத அந்த மனிதர்களிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் அடுத்து ஜெலபுவில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து, இம்முடிவை 1909இல் உறுதி செய்தனர்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தா புழுக்கினர்? இல்லை. புழுக்கிய நெல் குத்தும்போது எளிதில் நொறுங்காது. வயிற்றிலும் நெடுநேரம் நிற்கும். பழக்கம் அவர்களைக் காத்தது. இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஆக, பாட்டனின் சோறு வேறு, உழைப்பு வேறு. பேரன் மேசையின் முன் அமர்ந்து வேலை செய்கிறான். காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குக் கெட்டிப்பால் கலந்த தே தாரிக், மதியம் வெள்ளைச் சோறு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே கொள்ளலாம். சோற்றை மடித்து வைத்த அந்தப் பெற்றோரை நான் எள்ளி நகையாடாததற்கு இதுவே காரணம்.

மாவுச்சத்தைக் குறைத்து நோயை எதிர்ப்பதும் கற்காலத்திலிருந்து நேரே வந்ததன்று. அதற்கும் ஆண்டுக்கணக்கு உண்டு. 1797இல் ஜான் ரோலோ என்ற இராணுவ மருத்துவர் நீரிழிவுற்ற படைத்தலைவர் ஒருவருக்கு பெரும்பாலும் இறைச்சியும் கொழுப்பும் உணவாக அளித்ததை நூலாக்கினார். பொதுமக்களிடம் அதைக் கொண்டு சேர்த்தவர் மருத்துவர் அல்லர். இலண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பேண்டிங். தம் காலணியைக் கட்டக் குனிய முடியாமல், மாடிப்படியில் பின்னோக்கி இறங்கும் அளவுக்கு அவர் பருத்திருந்தார். படகு வலித்தார், பசிதான் கூடியது. நீராவிக் குளியல் எடுத்தார், பயனில்லை. காது மந்தமானதென்று 1862இல் வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவரிடம் சென்றபோது, அவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஏறத்தாழ 92 கிலோ எடையிருந்த பேண்டிங் ஓராண்டளவில் 20 கிலோவுக்கு மேல் குறைந்தார். மகிழ்ச்சி தாளாமல் 1863இல் ஒரு சிறுநூலை அச்சிட்டு இலவசமாகவே வழங்கினார். இன்றும் சுவீடன் மொழியில் உடல் இளைக்க உணவைக் குறைப்பதற்கு அவர் பெயரே வினைச்சொல்!

அவருடைய உணவுப் பட்டியலில் என் கண்ணில் பட்டது ஒன்று. காலையுணவில் இறைச்சியோடு காய்ந்த ரொட்டித் துண்டு ஓர் அவுன்சு இருக்கிறது. முழுவதுமாக அவர் விடவில்லை. 81 வயதுவரை வாழ்ந்து 1878இல் மறைந்தார்.

இன்சுலின் வருவதற்கு முன் நீரிழிவுற்ற சிறுவர்களுக்கு அமெரிக்காவில் பிரெடெரிக் ஆலன் அளித்த பட்டினி உணவைப் பற்றிப் படிப்பது துயரமானது. நோயினின்று காக்கப் பட்டினி போட்டார்கள். பலர் எலும்பும் தோலுமாக மடிந்தனர். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்ட பிறகே அக்கொடுமை ஓய்ந்தது. கண்டறிந்தவர்களுள் ஒருவரின் பெயரும் பேண்டிங்தான், பிரெடெரிக் பேண்டிங்.

பிற்பாடு 1972இல் அட்கின்ஸின் நூலும், 2002இல் லோரன் கார்டெயினின் பேலியோ நூலும் வந்தன. தமிழில் இதனைப் பரப்பியவர் நியாண்டர் செல்வன்; 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்னும் முகநூல் குழுவும் 'பேலியோ டயட்' நூலும் வழியாகத் தமிழர் சமையலறைக்குள் அதைக் கொண்டுவந்தார். எண்ணி நூறு பாதாம், வெண்ணெய்த் தேநீர், துருவிய காலிபிளவர்ச் 'சோறு' என்பவை அப்படித்தான் நம் வீடுகளை எட்டின.

தொடங்குவது எளிது, தொடர்வதுதான் கடினம். என் மைத்துனர் சீனப் பெருநாளன்று தொடங்கினார். ஒன்பது கிலோ குறைந்தார். தீபாவளியன்று ஒரு தோசையில் தொடங்கிப் பொங்கலுக்குள் பத்துக் கிலோ கூடிவிட்டார். வீட்டில் அவருக்குத் தனி உலை, மற்றவர்களுக்குத் தனி உலை. என் தமக்கை எத்தனை நாள் தாங்குவார்? 2018இல் வெளியான ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வில் 609 பேரை இரு குழுவாக்கி ஓராண்டு கவனித்தனர். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தனர், பெரிய வேறுபாடில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சிலர் மிகுதியாக இளைத்தனர், சிலர் எடை கூடினர்.

பெற்றோர்களுக்கு இரண்டு செய்திகள். இனிப்புநீர் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரிடம் கூறாமல் திடீரெனச் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடக்கூடும். வளரும் பிள்ளைகளை உங்கள் உணவுமுறைக்குள் இழுக்காதீர்கள். அவர்களுக்குச் சோறு தேவை, இனிப்புப் பானந்தான் தேவையில்லை.

அந்த அம்மையாரிடம் இவற்றையெல்லாம் கூறினேன். புழுங்கலரிசியிலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான் என்பதையும் மறைக்கவில்லை. அவர் கிளினிக்கில் கலந்துபேசி, மாத்திரையின் அளவை மாற்றிக்கொண்டு, மதியம் மட்டும் ஓர் அகப்பை புழுங்கலரிசிச் சோறு என்று வைத்துக்கொண்டிருக்கிறார். இரவில் மீனும் கீரையும், குடும்பத்தார் அனைவருக்கும் அதே குழம்பு. அடுத்த கூட்டத்திற்கு நாசி லெமாக்கிற்கு மாற்றாக அவித்த முட்டையும் சுண்டலும் தருவிக்கலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். செலவு எவ்வளவு கூடும் என்று பொருளாளர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.