பனிச்சறுக்கில் தொடங்கிய எல்லைக் கதை

பூந்தமல்லி வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரிடம் போய் பனிச்சறுக்கு பற்றிப் பேசினால் அடிக்க வருவார்! ஆனால் ஆவடிக்காரர்களுக்கு நன்கு தெரிந்த டாங்கிக்கும் பனிச்சறுக்குக்கும் இந்திய வரலாற்றில் ஒரு தொடர்பு இருக்கிறது.

காஷ்மீரின் குல்மார்க்கில் 1927-ல் ஆங்கிலேயர்கள் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். அப்போது அது வெறும் பொழுதுபோக்கு. துரைமார்கள் பனிக்காலத்தில் வந்து சறுக்கிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

1948 நவம்பர் 1-ம் தேதி சுமார் 11,500 அடி உயரத்தில் உள்ள சோஜி லா கணவாய்க்கு ஜெனரல் திம்மையா டாங்கிகளை ஏற்றிவிட்டார். எதிரிகள் கனவிலும் எதிர்பார்க்காத காரியம். (அவை அமெரிக்க ஸ்டூவர்ட் டாங்கிகள். ஆவடி தொழிற்சாலை 1961-ல்தான் வந்தது.) கணவாயைப் பிடித்தாயிற்று, சரி. ஆனால் பனியில் நடக்கத் தெரியாத வீரர்களை வைத்துக்கொண்டு அதை எப்படிக் காப்பது? அதே டிசம்பரில் குல்மார்க்கில் ராணுவப் பனிச்சறுக்குப் பள்ளி பிறந்தது. 1962-ல் அதுவே உயர்மலைப் போர்ப் பள்ளி ஆனது.

அந்தப் பள்ளியின் தலைவராக இருந்தவர் கர்னல் நரேந்திர குமார். 1961-ல் நீலகண்டச் சிகரத்தில் ஏறியபோது பனிக்கடியால் நான்கு கால்விரல்களை இழந்தவர். அதற்குப் பிறகும் மலையை விடவில்லை மனிதர்! 1977-ல் ஒரு ஜெர்மன் பயணி காட்டிய அமெரிக்க வரைபடம் அவரைத் திடுக்கிட வைத்தது. சியாச்சின் பனியாறு முழுவதும் பாகிஸ்தான் பக்கம் போயிருந்தது. 1949 ஒப்பந்தத்தில் எல்லைக்கோடு ஒரு புள்ளியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் "வடக்கே பனியாறுகள் வரை" என்பதோடு சரி. யார் அங்கே போய் நிற்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

குமார் 1978-லும் 1981-லும் குழுவோடு அங்கே போனார். அந்நியப் பயணிகள் விட்டுச்சென்ற குப்பைகளே ஆதாரமாகக் கிடைத்தன. 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய ராணுவம் சியாச்சினில் இறங்கியது.

புதிய பனிமலையில் கால் வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து பனிச்சரிவு. பழைய பனியின் மேல் புதுப் பனி ஒட்டாமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அடியில் பலவீனமான ஓர் அடுக்கு இருந்தால், ஒரு மனிதனின் எடையே மொத்தத்தையும் உடைத்துவிடலாம். 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் இது அதிகம். சறுக்குபவர்கள் ஆசைப்படுவதும் அதே சாய்வைத்தான்! 2005-ல் கேபிள் கார் அபர்வத் மலை உச்சி அருகே எட்டியபிறகு, யாரும் சறுக்காத சரிவுகளைத் தேடி உலகெங்கிலுமிருந்து குல்மார்க் வருகிறார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் அங்கே உத்தரவாதம் இல்லை. 2010 பிப்ரவரியில் கிலன்மார்க்கில் அந்தப் போர்ப் பள்ளியின் வீரர்கள் 15 பேருக்கு மேல் பனிச்சரிவில் மாண்டார்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த ஒரு காவல்சாவடியைப் பனி மூடியது. அங்கிருந்த 10 பேரில் பெரும்பாலோர் மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியன். அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். ஆறு நாள் கழித்துத் தோண்டியபோது ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார், கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா. பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரும் இறந்தார்.