புழுவும் பெண்மையும்: சப்பானிய ஆடற்கலையில் ஒரு மறுவாசிப்பு

ஒரு சமுதாயம் பெண்ணை எதனோடு ஒப்பிடுகிறது என்பதைப் போலவே, எதனிடமிருந்து விலக்குகிறது என்பதும் ஆராய்தற்குரியது. சப்பானின் ஹெய்யான் காலத்து (794–1185) அரசவைப் பண்பாடு பெண்மையை மலரோடும் வண்ணத்துப்பூச்சியோடும் இணைத்தது. புழுவை அருவருப்புக்குரியதென ஒதுக்கியது. உயர்குடிப் பெண்டிர் புருவத்தைக் களைந்து நெற்றியில் மை தீட்டினர்; பற்களைக் கருமையாக்கினர். இயற்கை போற்றப்பட்டது, உடலின் இயற்கையோ மறைக்கப்பட்டது.

இம்முரணை எள்ளலோடு காட்டுவது, 'சுட்சுமி சூனகோன் மொனொகதாரி' என்னும் பழங்கதைத் தொகுப்பிலுள்ள 'பூச்சிகளை நேசித்த பெருமகள்' என்ற கதை. அதன் தலைவி புருவம் களையாள், பல் கருக்காள், கம்பளிப் புழுக்களை உள்ளங்கையில் ஏந்தி நோக்குவாள். தோழியர் அஞ்சி ஓடுவர். ஊர் பழிக்குமே எனப் பெற்றோர் கவல, பட்டைத் தருவது புழுவே; சிறகு முளைத்தபின் அதனால் பயனில்லை என்று வாதிடுவாள். ஆயினும், ஒருவன் விளையாட்டாய் அனுப்பிய பொய்ப்பாம்பைக் கண்டு அவளும் நடுங்குகிறாள். அச்சமற்றவள் அல்லள் அவள். அச்சத்தை அழகின் இலக்கணமாக ஏற்க மறுத்தவள்.

புருவம் களைதலையும் பல் கருக்குதலையும் உயர்குடியினர்க்கு மெய்ஜி அரசு 1870இல் தடைசெய்தது. ஆனால், ஒப்பனை மறைந்ததனால் பெண்ணுடல் பற்றிய வரையறை மறைந்துவிடவில்லை. அவ்வரையறையை மேடையில் கலைத்த கலைகளுள் ஒன்று, ஹிஜிகதா தட்சுமி (1928–1986) 1959இல் தொடங்கிவைத்த புட்டோ நடனம். அவர் பயிற்றிய பயிற்சிகளுள் 'புழு அரித்தல்' ஒன்று. புறங்கையில் ஒரு பூச்சி ஊர்வதாக ஆடுபவர் உணரவேண்டும். பின் கழுத்தில், தொடையில் எனப் பெருகி, எண்ணற்றவை உடலினுள் புகுந்து அரிக்கும். இங்கே அருவருப்பை நடித்துக் காட்டுவதில்லை. அதனுள் வாழ்ந்து உடல் உருமாறுகிறது.

ஹிஜிகதாவின் முதன்மை ஆடலரான அஷிகவா யோகோ 1970களில் கால் வளைந்து, தாழக் குனிந்து ஆடியபோது, வண்ணத்துப்பூச்சிப் பெண்மை குலைந்தது. எனினும் அவ்வாடலுக்குச் சொல் தந்தவர் ஓர் ஆடவரே என்பதை மறத்தலாகாது. 1974இல் கார்லொட்டா இகெதா பெண்களே ஆடும் 'அரியாதோனே' குழுவை அமைத்தமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

பழைய கதை, தொடர்ச்சி இரண்டாம் ஏட்டில் என்று முடிகிறது. அத்தகைய ஏடு இல்லை. ஆனால் அதன் சில பக்கங்களையேனும் இப்பெண்களின் உடல்கள் மேடையில் எழுதின எனலாம்.