தூரமும் வேகமும்: கடல்வடத்திலிருந்து சேர்வர் அறைவரை

புத்தளத்திலிருந்து மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய சாலை எலுவன்குளத்தைத் தாண்டிக் கலா ஓயாவைக் கடந்து, வில்பத்துக் காட்டினுள் புகுந்து, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாக வடக்கே ஏகுகிறது. அச்சாலை சென்றடையும் மன்னாருக்கு அப்பால் கிடக்கும் ஆழங்குறைந்த கடலின் வழியேதான், 1858ஆம் ஆண்டில், இலங்கை முதன்முதலாக இந்தியாவுடன் தந்தியால் பிணைக்கப்பட்டது. சேர்வருக்கும் தரவுச் சேமிப்பகத்துக்கும் இடையே வடம் பூட்டுகிறவர் இன்று ஆராய வேண்டிய விஷயங்கள் யாவும், அந்நாளைய கடல்வடக்காரரின் அனுபவத்தில் ஏற்கெனவே தலைகாட்டியவையே.

அக்காலத்துக் கடல்வடத்தின் உயிர்நிலை, செம்புக் கம்பியைச் சுற்றிய கட்டாப்பர்ச்சா என்னும் மலாய் நாட்டு மரப்பிசினாகும். வெந்நீரில் இளகிக் குளிரில் இறுகும் இப்பொருள் வெயிலும் காற்றும் பட்டால் வெடித்துப் போகும். கடலடியிலோ பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். பொருளின் குணத்தையும் அது கிடக்கப்போகும் இடத்தின் குணத்தையும் சேர்த்தே நோக்கவேண்டும் என்பது இத்தொழிலின் முதற்பாடமாயிற்று.

இரண்டாவது பாடத்தை அதே 1858 கற்பித்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தில் அவ்வருஷம் இட்ட நெடுவடத்தில், விக்டோரியா மகாராணியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்று சேரப் பதினாறு மணி நேரம் பிடித்தது. சில வாரங்களிலேயே வடம் மௌனமாயிற்று. வடத்தின் நீளம் இரட்டித்தால் குறிகள் மங்கிப் பரவுவது நான்கு மடங்காகும் என்று இயற்பியலறிஞர் வில்லியம் தாம்சன் கணக்கிட்டுக் கூறியிருந்தும், அவ்வடத்தின் மின்பணிக்குப் பொறுப்பாயிருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் மின்னழுத்தத்தை ஏற்றிச் செலுத்தியே வெற்றிகாண முயன்று, வடத்தின் அழிவைத் துரிதப்படுத்தினார். தூய செம்பு, நுட்பமான கருவி, பலவீனமான மின்னோட்டம் என்ற தாம்சனின் வழியே பின்னர் நின்றது. 1866இல் நிலையான வடமும் அமைந்தது.

தூரம் கூடக்கூடக் குறி மங்கும் என்ற செம்பின் இயல்பான வரம்பைத் தாண்ட ஒளி வந்தது. கண்ணாடியைச் சுத்திகரித்தால் அதன் இழையில் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966இல் சார்ல்ஸ் காவோ நிறுவினார். 1970இல் கோர்னிங் நிறுவனத்தார் அத்தகைய இழையைச் செய்து காட்டினர். 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்த பாரத் லங்கா வடம் அந்த மரபிலேயே வந்தது. ஆயினும் இழை எத்துணை நுட்பமானதாயினும் கப்பலின் நங்கூரத்துக்கு அது வெறும் கயிறே. 2004இல் கொழும்புக்கு அருகே நங்கூரம் ஒன்று கடல்வடத்தை அறுத்ததால் நாட்டின் வெளியுலகத் தொடர்பு நலிந்தது.

சேர்வர் அறைக்குள்ளும் தூரத்தையும் இடத்தையும் பற்றிய இதே நியாயம்தான். நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஏழு மீற்றர்வரை செல்லும் செம்பு வடம், 100 கிகாபிட்டில் ஐந்து மீற்றருக்கும், 400 கிகாபிட்டில் மூன்று மீற்றருக்கும் சுருங்குகிறது. ஆகையால் ஒரே ராக்கினுள் சேர்வரைச் சுவிட்ச்சுடன் சேர்க்க, விலையும் மின்செலவும் குறைந்த செம்பே போதும். அறைக்குக் குறுக்கே செல்லப் பன்முறை (multimode) ஒளியிழையும், கட்டடம் விட்டுக் கட்டடம் செல்ல ஒருமுறை (single-mode) ஒளியிழையும் வேண்டும். பின்னதன் மையம் ஏறக்குறைய ஒன்பது மைக்ரோமீற்றர் விட்டமே உடையதாதலால், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசித்துகள் இணைப்பு முனையில் ஒட்டியிருந்தாலும் ஒளி தடைப்படும். எனவே மூடியைக் கழற்றியதும் முனையைத் துடைத்து, உருப்பெருக்கியால் பார்த்த பின்னரே செருகுதல் முறையாகும். இழையைக் கூர்மையாக மடக்குவதும், கட்டுப்பட்டியால் இறுக்குவதும் ஒளியைக் கசியவிடும். புத்தளம்போல் உப்பளக் காற்று வீசும் கரையோரத்தில், செம்பு இணைப்பிகளுக்கு அரிப்பு என்னும் அபாயமும் கூடுதலாக உண்டு.

வேகம் மிகுந்த வடத்தை வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது, வைட்ஹவுஸின் பிழையை வேறு வேஷத்தில் செய்வதாகும். முதலில் தூரத்தை அளந்து, பிறகு இடத்தை ஆராய்ந்து, அதற்குப் பின்னரே வேகத்தைத் தீர்மானித்து, முடிவில் வடத்தின் இரு முனைகளிலும் பெயரெழுதிச் சோதித்துப் பார்ப்பவனே, 1858 கற்பித்ததை மெய்யாகக் கற்றவன்.